காம்பவுண்டு ஓரத்து இட்லிப்பூ

பாளையங்கோட்டையில் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி இட்லிப்பூ வைத்திருக்கிறேன். ஆற்றுத் தண்ணீர் பாய்ந்தவரை குறையில்லை. கோடையில் போர்த் தண்ணீருக்கு மாறிய பிறகு கொழுந்து வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அடியிலை கரும்பச்சையாகவே இருந்தது.

"சத்து பத்தல, கடலைப் புண்ணாக்க ஊற வச்சு ஊத்துங்க" என்றார் நர்சரி அண்ணாச்சி. எனக்குச் சம்மதமில்லை. தழைச்சத்துக் குறை என்றால் அடியிலைதான் முதலில் பழுக்கும். கொழுந்தில் தொடங்கினால் இரும்புச்சத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்காக மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. செம்மண் சிவந்திருப்பதே இரும்பால்தானே! போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட, வேரால் அந்த இரும்பை எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூ அமிலத்தன்மையுள்ள மண்ணில் வாழ்கிற செடி, மண்ணின் அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 5 முதல் 6 வரை இருந்தால் சுகம். சிமெண்டுப் பூச்சிலிருந்தும் சுண்ணாம்பு கரையும். சுவரோடு ஒட்டி நின்ற செடிகள்தான் ரொம்ப மோசம், தள்ளி நின்றவை பரவாயில்லை.

உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கிடைத்தது. லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளிப்பு. சாறு விடாவிட்டால் காரத் தண்ணீரில் அன்னபேதி துருவாகி அடியில் தங்கிவிடும். சிமெண்டுத் தரையில் சிந்தினால் கறை லேசில் போகாது. வீட்டில் வாங்கும் திட்டு தனிக்கணக்கு.

அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. முற்றிய மஞ்சள் இலைகள் அப்படியேதான். ஆனால் தெளிப்பு தற்காலிகம். அதனால் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, கழுவிய தேங்காய் நார்க்கழிவும் மக்கிய சாணமும் கலந்து போட்டேன். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து அதையே ஊற்றினேன். தெளிப்பைவிட இதுதான் நின்று பேசியது.

கவாத்து: பூங்கொத்து வாடியதும் அதற்குக் கீழே வெட்டினால் பக்கத்துக்கொன்றாகத் துளிர்க்கும். பூ துளிரின் நுனியில்தான் வரும். பெட்டி போல ஓயாமல் செதுக்கிவிட்டு "பூக்கவே மாட்டேங்குது" என்பவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

எறும்பு சாரிசாரியாக ஏறினால் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி அடித்தேன், அடங்கியது. ஆடிக் காற்றில் மட்டும் அடிக்காதீர்கள், முழுக்க நம் முகத்துக்குத்தான் வரும்.

இப்போது கவாத்துக் குச்சிகளைப் பதியம் போட்டிருக்கிறேன். வேர் பிடித்தால் அடுத்த வரிசை சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான்.