தமிழ்த் தலைப்பில் புள்ளி எங்கே போகிறது?

ஆங்கிலத்துக்காகச் செய்த இணையப் பக்க டெம்ப்ளேட்டில் தமிழை ஒட்டிப் பாருங்கள், முதலில் அடிவாங்குவது தலைப்புதான். இப்போதைய மோஸ்தர் அப்படி. திரையை நிறைக்கும் எழுத்து, லைன் ஹைட் (வரி உயரம், எழுத்தளவின் மடங்கில்) 1 அல்லது 1.1, லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு இடையிலான வெளி) மைனஸ் 2 சதவீதம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலே ஏறுவதும் இல்லை, கீழே இறங்குவதும் இல்லை. எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும். தமிழில் மேல்வரியின் 'ழு' கீழே இறங்கும், அடுத்த வரியின் 'கீ' மேலே ஏறும், இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும்.

லைன் ஹைட்டைத் தலைப்புக்கு 1.3 முதல் 1.4, பத்திகளுக்கு 1.65 முதல் 1.75 வைத்தால் பெரும்பாலான எழுத்துருக்கள் சரியாக உட்காரும். லெட்டர் ஸ்பேசிங் சுழியம். இதில் பேரம் பேசாதீர்கள். நெருக்கினால் 'கெ'யின் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டும், விரித்தால் அந்தக் கொம்பு யாருடையது என்று கண் தடுமாறும். தலைப்பு அகலமாகி போனில் மூன்று வரிக்கு ஓடுகிறதா? எழுத்துருவையே ஒடுக்குங்கள். அனெக் தமிழ் ஒரு வேரியபிள் எழுத்துரு. தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை நகரும். சின்னத் திரையில் அகலத்தை 85க்கு இறக்கினால் எழுத்தின் வடிவம் கெடாமலே இடம் மிச்சமாகும்.

புள்ளி விஷயத்துக்கு வருவோம். கார்டில் தலைப்பை இரண்டு வரியோடு நிறுத்த ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கும் CSS கட்டளை) போடுவது வழக்கம். லைன் ஹைட் குறைவாக இருந்தால் முதல் வரி பெட்டியின் மேல்விளிம்பைத் தாண்டி நிற்கும், தாண்டிய பகுதி வெட்டுப்படும். ஆங்கிலத்தில் அது வெறும் அழகுக் குறை. தமிழில் 'கண்' 'கண' ஆகிவிடும், 'பால்' 'பால' ஆகிவிடும். நிறம் மாறி ஓடும் கிரேடியன்ட் தலைப்பிலும் இதே கதைதான். பெட்டியின் பின்னணிதான் அங்கே எழுத்துக்கு நிறம் தருகிறது, எனவே பெட்டிக்கு வெளியே நீளும் பகுதி கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்கும் ஒரே மருந்து, மேலும் கீழும் 0.2 எம் பேடிங், அதாவது பெட்டிக்குள் எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. பொத்தானுக்கும் உயரத்தை 40 பிக்சல் என்று பூட்டாமல், குறைந்தபட்ச உயரமும் பேடிங்கும் கொடுங்கள். பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதுவதைவிட 'அனுப்பு' என்று எழுதுவது இன்னும் நல்லது.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வரும் அனிமேஷன்தான் இருப்பதிலேயே மோசமான பொறி. ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. நாம் பார்ப்பதோ மூன்று எழுத்து. அந்த ஐந்தையும் தனித்தனி ஸ்பேனில் (உரைத் துண்டைச் சுற்றும் HTML உறை) போட்டால் குறிகள் அநாதையாகி, புள்ளிவட்டத்தோடு வந்து நிற்கும். முன்னோட்டத்துக்காக முதல் நான்கை மட்டும் நறுக்கினால் 'தமிழ' கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் செக்மென்ட்டர் (Intl.Segmenter) மூன்றாகச் சரியாகப் பிரிக்கும். ஆனால் 'க்ஷ' அதிலும் உடையலாம். எழுத்தாக உடைக்காமல் சொல் சொல்லாக அசைய விடுங்கள், பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது.

எழுத்துரு தேர்வில் ஒரே ஒரு எச்சரிக்கை. மீரா இனிமை, பவனம் இரண்டும் பார்க்க இனிமை, ஆனால் கூகுள் ஃபான்ட்ஸில் ஒரே தடிமன்தான். அவற்றுக்கு போல்ட் கேட்டால் உலாவி தானே மை பூசித் தடிக்கவைக்கும், சுழிகள் அடைபடும். இட்டாலிக்கும் அப்படித்தான், இல்லாத சாய்வை உலாவி வளைத்துச் செய்கிறது. CSS-இல் ஃபான்ட் சிந்தசிஸை நன் என்று வைத்து (font-synthesis: none) இரண்டையும் தடுத்துவிடலாம். பல தடிமன் வேண்டுமென்றால் முக்த மலர் (7 தடிமன்), ஹிந்த் மதுரை (5), கேட்டமரன் (9). மூன்றிலும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே வருவதால் இருமொழிப் பக்கத்தில் உயரம் பொருத்தும் வேலை மிச்சம்.

வேலை தேடுபவர்களுக்கு: போர்ட்ஃபோலியோவில் கற்பனை வங்கிச் செயலியின் பத்தாவது மறுவடிவம் யாரையும் நிமிர்ந்து உட்காரவைக்காது. ஒரே பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்து, 320 பிக்சல் அகலத்தில் எது உடைந்தது, எந்த மதிப்பை மாற்றிச் சரிசெய்தீர்கள் என்று எண்ணோடு காட்டுங்கள். டம்மி வரிகள் வேண்டாம். 'பதிவிறக்கிக்கொள்ளுங்கள்' போன்ற நீளச் சொல்லும், 'ஸ்ரீ'யும், 'கௌ'வும் உள்ள உண்மையான உரையைப் போடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் பேனர் செய்தால் டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தப் படத்தைத் தமிழ் தெரிந்தவர் பார்த்தால் உங்கள் விண்ணப்பத்தின் கதை அங்கேயே முடிந்தது.

தனியாக வேலை எடுப்பவர்கள் கொட்டேஷனில் உரை மாற்றத்துக்கென ஒரு வரி தனியாகச் சேருங்கள். அச்சகத்திலிருந்து வரும் உரை பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் நொடியில் யூனிகோடாக்கிவிடும், ஆனால் மேற்கோள்குறிகளும் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் கண்டபடி மாறியிருக்கலாம். 'கௌரவம்' சில நேரம் 'கெளரவம்' ஆகியிருக்கும். முதலாவதில் இருப்பது ஒரே ஔகாரக் குறி, இரண்டாவதில் 'கெ'யும் 'ள'வும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. இதைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி கிடையாது. 'ெள' வரும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'வெள்ளம்' என்பதிலும் அதே வரிசைதான், அங்கே அது சரி.