ஏதென்ஸ் அடுக்களை நாட்குறிப்பு: பிட்டா, லகானா, லதேனியா

19 பிப்ரவரி 2025, புதன்

நாளைக்கு சிக்னோபெம்ப்டி. ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் கிரேக்கர்கள் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் வியாழக்கிழமை. தெருவெல்லாம் கரிப்புகை மணக்கும். சுவ்லாகி (கம்பியில் குத்திச் சுடும் இறைச்சித் துண்டுகள்) சுடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது, அதனால் அதைச் சுருட்டிச் சாப்பிடும் தட்டை ரொட்டியான பிட்டாவும் வீட்டிலேயே.

மாலையில் மாவு வாங்கி வந்தேன். 'ஸ்க்லீரோ' என்று போட்ட பாக்கெட்தான் வேண்டும். புரதம் கூடிய மாவு, இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும். 'மலக்கோ' என்ற மென்மையான மாவு கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும்தான் ஆகும்.

20 பிப்ரவரி, வியாழன்

அரைக்கிலோ மாவு, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 7 கிராம் உலர் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வைத்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் இரு மடங்காகிவிட்டது. எட்டு உருண்டையாகப் பிரித்து, கால் மணி நேரம் அப்படியே விட்டேன். இந்த ஓய்வு கொடுக்காவிட்டால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொண்டே வரும்.

பிட்டா என்றாலே உள்ளே பை மாதிரி திறக்கும் ரொட்டிதான் பலருக்கும் நினைவு வரும். அது லெபனான், சிரியா பக்கத்து வகை. மெல்லிசாகத் தேய்த்து, நல்ல உக்கிரமான சூட்டில் போட்டால் உள்ளே நீராவி கட்டிக்கொண்டு இரண்டு தோலும் பிரியும். கிரேக்கப் பிட்டாவில் அந்தப் பை வரவே கூடாது. தடிமனாக, சாண் அகலத்துக்குத் தட்டி, கல்லில் போடுவதற்கு முன் விரல் நுனிகளால் மேலெல்லாம் அழுத்திக் குழி போட வேண்டும். குழி விழுந்த இடங்களில் மேலும் கீழும் ஒட்டியே இருப்பதால் ஆவி ஒரே இடத்தில் சேர வழியில்லை. ரொட்டி பஞ்சு போல வேகும். இறைச்சி, தக்காளி, வெங்காயம் எல்லாம் வைத்துச் சுருட்டினாலும் வெடிக்காது.

ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, உடனே துணியில் சுற்றிவிட வேண்டும். தன் ஆவியிலேயே தோல் இளகும். என் கணக்கில் ஈஸ்ட்டை விட இந்தத் துணிக்குத்தான் பிட்டாவின் மென்மையில் பங்கு அதிகம்.

எண்ணெய் இரண்டாவது சூட்டுக்குத்தான். சுவ்லாகிக் கடைகளிலும் அப்படியே: பாதி வெந்து வரும் பிட்டாவை எண்ணெய் தடவி கிரில்லில் வாட்டித் தருவார்கள். நானும் பரிமாறும் நேரத்தில் தடவி, ஓரிகானோ தூவித் திருப்பிப் போட்டேன். ஓரம் லேசாக மொறுமொறு, நடுவில் மெத்தென்று. தொட்டுக்கொள்ளும் தயிர்க் கலவையான ஜாஜிகிக்கு வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்து, வடிகட்டிய தயிரில் பூண்டு, வினிகர், எண்ணெயோடு கலந்தேன்.

2 மார்ச், ஞாயிறு

கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். நாளைக்கு 'சுத்தத் திங்கள்', நோன்பின் முதல் நாள். அன்றைக்குச் சாப்பிடும் எள் ரொட்டிதான் லகானா. "லகானாவைக் கடையில் வாங்காதே, பிட்டா போடத் தெரிந்தவளுக்கு இது வரும்" என்றார். எள்ளை மட்டும் தாராளமாகப் போடச் சொன்னார்.

3 மார்ச், திங்கள்

லகானா இந்த ஒரு நாளுக்கான ரொட்டி. பேக்கரிகளில் காலையிலேயே வரிசை. பழைய வழக்கத்தில் புளிக்காத மாவில்தான் செய்வார்களாம், இப்போது ஈஸ்ட் சேர்ப்பதே சாதாரணம். நானும் சேர்த்தேன். மாவு பிட்டாவுக்குப் பிசைந்ததுதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூட. நீள்வட்டமாகத் தட்டி, மேலே தண்ணீர் தடவி, மாவு தெரியாத அளவுக்கு எள் தூவி, விரலால் ஆழமாகக் குழித்தேன். 220 டிகிரியில் 18 நிமிடம். எள் வறுபடும் வாசனை வந்த பிறகும் ரெண்டு நிமிடம் பொறுக்க வேண்டும், அடிப்பக்கம் அப்போதுதான் சிவக்கும்.

இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஆனால் சிப்பி, கணவாய் உண்டு, மீன் முட்டையில் அடித்த தாரமசலாதா உண்டு, எள் ஹல்வா உண்டு. லகானாவைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து தாரமசலாதாவில் தோய்த்துச் சாப்பிட்டோம். பாதியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் ஃபிலோபாப்பூ குன்றில் பட்டம்.

8 மார்ச், சனி

நோன்புக்கு ஒத்து வரும் இன்னொன்று: கிமோலோஸ் தீவின் லதேனியா. அதே ஈஸ்ட் மாவு, தட்டில் தாராளமாக ஆலிவ் எண்ணெய், மேலே தக்காளி, மெல்லிய வெங்காயம், ஓரிகானோ. பாலாடைக்கட்டி கிடையாது. எண்ணெய் ஊற்றத் தயங்கினால் அடி மொறுமொறுக்காது. தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டேன், மாவு சொதசொதக்கவில்லை. ஆறிய பிறகு ருசி இன்னும் கூடியிருந்தது. அடுத்த முறை கேப்பர் மொட்டும் சேர்க்கலாம்.