டெஸ்ட் ஃபோல்டரையும் கொஞ்சம் பாருங்கள்
பைதான் கோடைச் சோதிக்க பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்களே, எல்லா ஃபிக்சரையும் (டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயார் செய்து தருகிற ஃபங்ஷன்) ஒரே கான்ஃப்டெஸ்ட் (conftest.py) ஃபைலில் கொட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனியாக ஒன்று வைக்கலாம், அந்த ஃபோல்டருக்குள் இருக்கிற டெஸ்ட்டுகளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அப்புறம் இந்த 'இப்போ ஃபெயில், மறுபடி ஓட்டினா பாஸ்' ரக டெஸ்ட்டுகள். ரீரன் போட்டுச் சமாளிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பல நேரம் முந்தைய டெஸ்ட் டேட்டாபேஸில் விட்டுப்போன மிச்சம்தான் காரணம், பைடெஸ்ட்-ராண்டம்லி பிளகினைப் போட்டு வரிசையைக் கலைத்து ஓட்டினால் எது எதை நம்பி நின்றது என்று சாயம் வெளுத்துவிடும் (அன்றைக்கு டீமில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள், பரவாயில்லை).

டெஸ்ட்டெல்லாம் ஓடி பில்ட் முடிய நேரம் இழுக்கிறதா? பைடெஸ்ட்டின் டியூரேஷன்ஸ் (--durations) ஆப்ஷனில் 10 கொடுங்கள், அதிக நேரம் தின்கிற 10 டெஸ்ட்டையும் காட்டிவிடும். அதில் எத்தனை 'ஸ்லீப் 5' (5 விநாடி சும்மா காத்திருப்பது) என்று எண்ணிச் சொல்லுங்கள்.