வெளிச்சம்தான் ஷட்டர்

அதிவேகப் படப்பிடிப்பு என்றாலே எல்லோரும் கேமராவைத்தான் விசாரிப்பார்கள், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று. பெங்களூரில் இத்தனை வருடமாக விளக்குகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் விளக்கைப் பற்றிக் கேளுங்கள். அதிர்வலை, அதாவது ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை, நொடிக்கு 1 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 1 மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எரியும் விளக்கில் அது 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கிப்போகும். 100 நானோநொடியில், அதாவது அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், அணைத்தால் 0.1 மில்லிமீட்டர்தான். இருட்டறையில் விளக்கு எரியும் கணம் மட்டுமே படத்தில் பதியும், கேமரா எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை. 1880களில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் துப்பாக்கிக் குண்டின் அதிர்வலையைப் படமெடுத்தது மின்பொறி வெளிச்சத்தில்தானே!

செனான் ஃப்ளாஷ் பிரகாசமாக இருக்கும், ஆனால் சட்டென்று அணையாது, வால் நீளும். லேசர் அணையும், ஆனால் படமெங்கும் புள்ளி புள்ளியாக ஸ்பெக்கிள் வந்து உட்காரும். அதனால்தான் எல்இடி பக்கம் வந்தேன். மிகக் குறுகிய துடிப்பு என்றால் அது சூடாவதற்கு நேரம் கிடைக்காது, எனவே வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் கொடுக்கலாம்.

கஷ்டம் கம்பியில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் கம்பிக்குச் சுமார் 100 நானோஹென்றி தூண்டம் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு, 50 நானோநொடிக்குள் 50 ஆம்பியர் ஏற வேண்டுமென்றால் அந்தக் கம்பி ஒன்றுக்கே 100 வோல்ட் போய்விடும். இதை நான் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பட்டறையில் இருந்த கோலார் தங்கவயல்காரர் ஒருவர், "கம்பியே எதுக்கு சார்? மாஸ்ஃபெட்டை எல்இடி முதுகுலயே வெச்சுப் பத்த வெச்சிடலாம்" என்றார். மாஸ்ஃபெட் என்பது மின்னோட்டத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர். "செய்யுங்கண்ணே" என்றேன். பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சாமான்களை வைத்து அவர் செய்த அந்தப் பலகையின் வடிவத்தைத்தான் இன்றும் எங்கள் மாணவர்கள் பின்பற்றுகிறார்கள், நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அவரைப் போன்றவர்களின் பெயர் முதல் வரியில் இருந்ததில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிதி கேட்டுப் போனாலும் இதே கதைதான். இறக்குமதி கேமரா என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள், விளக்கை நாங்களே செய்கிறோம் என்றால் நம்ப யோசிக்கிறார்கள்.

சரி, இப்போது செய்வது இது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சில நூறு நானோநொடி இடைவெளியில் அடுத்தடுத்து மின்னவைத்து, ஒரு சாதாரண வண்ணக் கேமராவின் ஒரே படத்தில் மூன்று கணங்களைப் பிடிப்பது. பச்சை நீலத்துக்குள் கொஞ்சம் கசிகிறது, அதைப் பிரிக்கும் வேலையில்தான் இருக்கிறோம்.