தொடையில் ஒட்டிய நான்கு பேட்

மே 11, திங்கள்
நாளைக்கு முதல் கேஸ் குடியாத்தத்துக்காரர், கைத்தறியில் லுங்கி நெய்பவர். பெருங்குடல் புற்றுநோய்க்குப் போன வருஷமே ஆபரேஷன் ஆனவர். இப்போது ஈரலில் மூன்று கட்டி. இடப்பக்கம் இருக்கும் பெரியதை வெட்டி எடுத்துவிடலாம். வலப்பக்கத்து இரண்டும் 2 சென்டிமீட்டருக்குள்தான், ஆனால் அங்கேயும் வெட்டினால் மிஞ்சுகிற ஈரல் பிழைக்கப் போதாது. அதனால் அந்த இரண்டையும் ரேடியோ அலையில் சுடப்போகிறார்கள்.

"இன்னா சிஸ்டர், வயித்துக்குள்ள நெருப்பு வெக்கிறாங்களாமே?"

நெருப்பில்லை ஐயா, ஊசி வழியாகக் கரண்ட் போகும், அந்தச் சூட்டில் கட்டி வெந்துபோகும் என்றேன். தொடையில் பேட் என்கிற ஒட்டுப்பட்டை ஒட்டுவோம் என்றதும், "தறி மிதிக்கிற காலும்மா, பாத்து ஒட்டு" என்றார்.

மே 12, செவ்வாய்
தொடையை மழித்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பேட் ஒட்டினேன். உள்ளே போன கரண்ட் அது வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் சூடு ஒரே இடத்தில் குவிந்து தோல் வெந்துவிடும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்கு அப்படி ஆகி, தொடையில் ரணத்தோடு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓரத்தையும் கட்டைவிரலால் நானே அழுத்தித் தேய்ப்பேன், வேறு யாரிடமும் விடமாட்டேன்.

பெரிய கட்டி வெளியே வந்தாயிற்று. அப்புறம் ஸ்கேன் கருவியை ஈரல் மேலேயே வைத்துப் பார்த்தார்கள். சின்னதில் ஒன்று பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஓடுகிற ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், கட்டியின் அந்த ஓரம் வேகாமல் தங்கிவிடும். ஈரலுக்கு வரும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்தார்கள். 1908-இல் பிரிங்கிள் என்ற சர்ஜன் எழுதிவைத்த முறை இது. வயிற்றைத் திறந்து செய்வதால்தான் இதற்கு வழி, குடலையும் சூடு படாமல் ஒதுக்கிவைக்க முடிகிறது.

நிமிஷத்தை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் கறுப்பு வட்டத்தின் மேல் பால் சிந்தியது மாதிரி வெள்ளை படர்ந்தது. எல்லாம் நீராவிக் குமிழி. கட்டியோடு சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல ஈரலும் சேர்ந்து வேக வேண்டும். ஊசியை உருவும்போதும் கரண்டை நிறுத்தவில்லை, வந்த வழியும் வெந்தால்தான் ரத்தம் கசியாது, கட்டியின் செல் வழியில் ஒட்டிக்கொள்ளாது. இரண்டு தடவை சுட்டதற்கும் நடுவில் துணிக்கடியில் கைவிட்டு நான்கு பேடையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மே 14, வியாழன்
ஐயாவுக்கு லேசான காய்ச்சல். சுட்ட பிறகு சில நாள் இப்படி வருவது உண்டு, டாக்டரும் பார்த்துவிட்டார். ஒரு மாசம் கழித்து சிடி எடுத்தால்தான் முழுக்க வெந்ததா என்று தெரியும்.

போர்வையை விலக்கித் தொடையைப் பார்த்தேன். மழித்த அடையாளம் மட்டும் சதுரமாக இருந்தது, ஒரு சிவப்புகூட இல்லை. "கால் நல்லா கீதா?" என்று கேட்டார். நல்லா இருக்கு ஐயா என்றேன்.