ப்ரோபாக்ஸ் ஆயில் ஃபில்டர்: மரை ஏறியதால்தான் வந்த வினை

ஒரு வழியாக என் வண்டியின் எண்ணெய்க் கசிவு நின்றது. கேஸ்கெட் மேல் சந்தேகம், இன்ஜினடியில் எண்ணெய் நிற்கிற சம்ப்பின் போல்ட் வாஷர் மேல் சந்தேகம், கடைசியில் ஃபில்டரின் திருகு மரைதான் குற்றவாளி. யாங்கூனில் ஒரு கடையில் "டொயோட்டா, நிஸான் எல்லாம் ஒண்ணுதாண்ணே, போட்டுப் பாருங்க, ஏறும்" என்று எடுத்துக் கொடுத்த உருப்படி. ஏறத்தான் செய்தது. ஏறாமல் இருந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், இன்ஜின் 1என்இசட்-எஃப்இ. இதன் ஃபில்டர் ஸ்டட், அதாவது ஃபில்டரைத் திருகி ஏற்ற இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாய், முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. டொயோட்டாவின் 90915-10001, 90915-10003, 90915-ஒய்இசட்இசட்இ1 மூன்றும் இதே மரைதான். நிஸான் ஏடி வேனுக்குப் போகிற 15208-65எஃப்0ஏ, ஹோண்டா ஃபிட்டுக்குப் போகிற 15400-ஆர்டிஏ-003 இரண்டும் எம்20, அதாவது 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி மரை. 2011-இல் மியான்மரில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இறக்குமதிக்கு அனுமதி வாங்கும் திட்டம் வந்ததிலிருந்து இந்த மூன்று வண்டியும் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர்களும் மூன்றின் ஃபில்டரையும் ஒரே தட்டில் அடுக்கிவைக்கிறார்கள். வெளியே பார்த்தால் டப்பாவின் உயரம், பருமன், ரப்பர் வளையம் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இனி கணக்கு. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ. எம்20 ஃபில்டரின் துளை உள்விட்டம் சுமார் 18.4 முதல் 18.7 வரை. ஆக, டொயோட்டா ஸ்டட்டில் எம்20 ஃபில்டரை ஏற்றினால் மரையும் மரையும் கவ்வுவது பக்கத்துக்கு 0.3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. சரியான ஃபில்டரின் துளை 17.3 முதல் 17.7, அதில் கவ்வல் 0.7, 0.8 வரும். பாதிக்கும் குறைந்த பிடிப்பு. போதாததற்கு மரை இடைவெளியும் ஒத்துவராது: ஸ்டட்டில் 1.59 மி.மீ., ஃபில்டரில் 1.5. அதனால் பாரம் எல்லா மரையிலும் பரவாமல் ஒன்றிரண்டில் விழும். எதிர்த்திசையில் இந்த ஆபத்தே இல்லை. முக்கால் அங்குல ஃபில்டர் நிஸான் ஸ்டட்டில் வாயிலேயே நின்றுவிடும்.

பின் ஏன் கையில் இறுக்கமாகத் தெரிகிறது? ரப்பர் அமுங்குவதுதான் அந்த இறுக்கம்; மரையின் பிடி அல்ல. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் கெட்டியாக இருக்கும், அழுத்தம் அப்போதுதான் உச்சம். இந்த இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 1.5 முதல் 5.5 பார் வரை இருக்கலாம் என்பது கணக்கு. வளையத்தின் உள்விட்டம் 55 மி.மீ. என்று வைத்தால் பரப்பு கிட்டத்தட்ட 24 சதுர செ.மீ. 5.5 பாரில் ஃபில்டரைக் கீழே தள்ளுகிற விசை 130 கிலோவைத் தொடும். அரைகுறை மரை அதைத் தாங்கினால் லேசான கசிவோடு போகும். தாங்காவிட்டால் ஃபில்டர் பிடுங்கிக்கொண்டு போய், சில விநாடிகளில் சம்ப் காலி. பிறகு பேரிங் கதை தனி.

என் வண்டியில் ஃபில்டர் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது ரப்பரின் ஒரு பக்கம் தட்டையாக அமுங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் புதிது போலவே உருண்டையாக இருந்தது. இந்த அடையாளத்தைப் பார்த்தால் மேற்கொண்டு இறுக்கிப் பார்க்காதீர்கள், உடனே கழற்றுங்கள்.

அளப்பதற்கு மரை இடைவெளி கேஜை நம்பி நேரத்தைத் தொலைத்தேன். ஃபில்டர் தட்டில் மொத்தமே நாலைந்து மரைதான், அதில் 0.09 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே படாது, இரண்டு கேஜும் பொருந்துகிற மாதிரியே இருக்கும். விட்டத்தை அளப்பதே வழி. வெர்னியரின் உள்தாடையைத் துளையில் வைத்து மூன்று இடத்தில் அளக்கவும். 17.7-க்குக் கீழே என்றால் டொயோட்டா. 18.3-க்கு மேலே என்றால் கீழே வைத்துவிடவும். ஸ்டட் பக்கம் 18.8 முதல் 19 வரை காட்டினால் முக்கால் அங்குலம், 19.8 பக்கம் வந்தால் எம்20.

வெர்னியர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: பழைய இன்ஜின் உடைக்கிற இடத்தில் ஒரு டொயோட்டா ஸ்டட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே ஃபில்டரில் மூன்று சுற்று ஏற்றி ஆட்டிப் பாருங்கள். சரியானதில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. எம்20-இல் ஆடும் பல் மாதிரி லொடலொட என்று ஆடும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மரை சரி என்பதோடு வேலை முடியாது. ஓரத்துத் துளை வழியே தெரிகிற ரப்பர் மடல்தான் இன்ஜின் நின்றபின் எண்ணெயை ஃபில்டருக்குள் பிடித்துவைப்பது; அதைப் பென்சில் முனையால் தொட்டுப் பாருங்கள். சிலிக்கான் மடல் பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், சூட்டில் மெத்தென்றே இருக்கும். கறுப்பு நைட்ரைல் நாளடைவில் விறைத்துவிடும். விறைத்தால் இரவில் எண்ணெய் சம்புக்கு இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகட. துளையின் மரை ஓரத்தில் விரலை ஓட்டி இரும்புச் சீவல் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடவும். போலிச் சரக்கில் இது சகஜம்.

மாட்டியது வழக்கம்போலத்தான். பழைய ரப்பர் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று துடைத்துப் பார்த்து, புது ரப்பரில் எண்ணெய் தடவி, தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. டார்க் ரெஞ்ச் போட்டால் 17, 18 நியூட்டன் மீட்டர். சம்ப் போல்ட் 14 ஸ்பானர், 37 நியூட்டன் மீட்டர், வாஷர் புதிது. ஃபில்டரோடு சேர்த்து எண்ணெய் 3.7 லிட்டர். தவறான ஃபில்டர் ஓடிய வண்டியில் ஸ்டட் மரையின் முகட்டையும் பிரஷ் போட்டுப் பாருங்கள். மழுங்கியிருந்தால் ஸ்டட்டையே மாற்றிவிடுவது நல்லது. எனக்கு இரண்டு மரையில் லேசான பளபளப்பு, அவ்வளவே, விட்டுவிட்டேன்.

அடுத்து, கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். ரம்பம் போட்டால் இரும்புத்தூள் காகிதத்தில் கலந்து, எது இன்ஜினில் இருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். சுற்றி வெட்டுகிற கட்டர் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். பீலிக்கான் கோயிலுக்குப் போய்வருவதற்குள் வந்துவிட்டால் நல்லது. அதுவரை ராத்திரி ராத்திரி வண்டியடியில் அட்டை விரித்து வைக்கிறேன். மூன்று நாளாக அட்டை காய்ந்தே கிடக்கிறது.