சுவான்சௌவின் கற்பள்ளிவாசல்

திருப்பூரிலிருந்து ஜிப், பட்டன் கொள்முதலுக்காகச் சீனாவின் பூஜியான் மாகாணத்துக்குப் போய்வரும் பனியன் தொழில்காரர்களுள் நானும் ஒருவன். அப்படிப் போன இடத்தில்தான் சுவான்சௌ நகரத்துச் சிங்ஜிங் பள்ளிவாசலைப் பார்த்தேன். சியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசல் மரத்தூண்களும் வளைந்த ஓட்டுக்கூரையுமாகச் சீனக் கோயிலைப் போலவே தோன்றும். இதுவோ கருங்கல்லால் எழுந்த மேற்காசியக் கட்டடம்.

அரேபியர் ஜைத்தூன் என்றழைத்த இத்துறைமுகத்தில், ஹிஜ்ரி 400-இல், அதாவது கி.பி. 1009-10-இல், இப்பள்ளி கட்டப்பட்டதென்றும், ஹிஜ்ரி 710-இல் ஷிராஸ் நகரத்து அகமது பின் முகமது இதனைப் புதுப்பித்தாரென்றும் இங்குள்ள அரபுக் கல்வெட்டு கூறுகிறது. தெருவை நோக்கிய வாயில், கூர்முனை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைய உயர்ந்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால், அரைக்குவிமாடத்தின் நடுவே கல்லில் கடைந்த தாமரை தலைகீழாகத் தொங்குகிறது. பேரூர் கனகசபையின் விதானத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. வாயிலின் மேல்தளம் ரமலான் பிறை பார்ப்பதற்கானது.

உள்ளே தொழுகைக்கூடத்துக்குக் கூரை இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலநடுக்கத்தில் அது விழுந்ததாகச் சொல்கிறார்கள். சுவர்கள் அப்படியே நிற்கின்றன. மேற்குச் சுவரின் மாடத்தில் செதுக்கிய குர்ஆன் வசனங்களை இன்றும் காணலாம். கூரையைத் திரும்பக் கட்டாமல் விட்டதே சரி என்பேன், ஏனெனில் புதுக்கல் ஏற்றினால் பழைய கல்லின் வரலாறு மறைந்துபோகும். இஸ்லாமியருக்குத் தீங்கு செய்யக் கூடாதென்று மிங் பேரரசர் யோங்லே 1407-இல் பிறப்பித்த ஆணையும் இவ்வளாகத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சுவான்சௌவின் 22 இடங்களுள் இப்பள்ளியும் ஒன்று. கையுவான் பௌத்தக் கோயிலும் ஒன்று. அக்கோயிலின் பின்புறத் தூண்களில் கண்ணன் கதைச் சிற்பங்கள் உள்ளன. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இந்நகரில் கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவன் கோயில் எடுப்பித்ததை அது சொல்கிறது. அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. கொள்முதலுக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் ஒரு பகலை ஒதுக்கிப் பள்ளிவாசலையும் கையுவான் தூண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.